இன்சுலின் வந்தது, ஸ்டிரிப் வரவில்லை

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். தலைஞாயிறு பக்கம் உங்கள் அக்கா மகன், ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. போன மாதம் டைப் 1 சர்க்கரை நோய் என்று தெரிந்தது. அரசு மருத்துவமனையில் காலை ஒன்று, ராத்திரி ஒன்று என்று இரண்டு ஊசி எழுதி, இன்சுலின் பாட்டிலும் சிரிஞ்சும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். லண்டனில் இருக்கும் உங்கள் பெரியப்பா பேத்திக்கும் இதே நோய்தான். அவள் கையில் சுகரை ஓயாமல் பார்த்துச் சொல்லும் சென்சார், இடுப்பில் இன்சுலின் ஏற்றும் பம்ப், வீட்டுக்காரர்களுக்கு ஒரு பைசா செலவில்லை. "ஒரே நோய்க்கு ஏன் இப்படி இரண்டு வைத்தியம்? எங்கள் பையன் அவளைப் போல வளர்ந்து ஆளாவானா? அங்கிருந்து சுகர் பார்க்கும் மீட்டர், அதில் ரத்தச் சொட்டு வைக்கும் ஸ்டிரிப், சிரிஞ்ச் எல்லாம் அனுப்பட்டுமா என்று கேட்கிறார்கள், வாங்கிக்கொள்ளலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

டெல்டா மாவட்ட அரசு மருத்துவமனைகளில் குழந்தைகள் வார்டில் 24 வருடம் நர்ஸாக இருந்தவள் நான். கடைசி பத்து வருடம் இன்சுலின் போடக் கற்றுக்கொடுப்பதே என் முக்கிய வேலை. ஆளாவானா என்றால், ஆவான். நான் ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்த பிள்ளைகளில் இன்று வேலைக்குப் போகிறவர்கள், கல்யாணமாகிக் குழந்தை பெற்றவர்கள் உண்டு. கற்றுக்கொடுத்தும் இழந்த பிள்ளைகளும் உண்டு. இரண்டு கூட்டத்துக்கும் கொடுத்தது ஒரே இன்சுலின். வித்தியாசம் எங்கே வந்தது என்பதுதான் உங்கள் கேள்விக்கும் பதில்.

முதலில் அக்காவிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். பையன் மிட்டாய் தின்றதால் வந்த நோய் இல்லை இது. உடம்பின் எதிர்ப்பு சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. தாத்தாவுக்கு இருக்கிற சுகர் வேறு, இது வேறு. தாத்தாவுக்குப் பெரும்பாலும் மாத்திரை போதும். பையனுக்கு இன்சுலின் இல்லாமல் சில நாள்கூட ஓடாது.

இனி நாடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி. 2022-ல் லான்செட் குழுமத்தின் மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு பெரிய கணக்கு வந்தது. 2021-ல் உலகத்தில் சுமார் 84 லட்சம் பேருக்கு டைப் 1 இருந்தது. அந்த வருடம் 10 வயதில் இந்த நோய் வந்த ஒரு குழந்தை பணக்கார நாட்டில் பிறந்திருந்தால் இன்னும் சராசரியாக 65 வருடம் வாழும். மிக ஏழை நாட்டில் என்றால் 13 வருடம். அந்த ஒரே வருடத்தில், என்ன நோய் என்று கண்டுபிடிக்கப்படாமலே சுமார் 35,000 பேர் இறந்திருப்பார்கள் என்றும் அந்தக் கணக்கு சொல்கிறது. இதைப் படித்துப் பயந்துவிடாதீர்கள். அந்த 13 நம்முடைய எண் இல்லை, இந்தியா அந்த வரிசையில் நடுவில் இருக்கிறது. ஆனால் இந்தியா என்பதே ஒரே நாடு இல்லையே. சென்னையில் தனியார் மருத்துவமனைக்குப் போகும் பிள்ளையும் வேதாரண்யம் உப்பளத்தில் வேலை செய்பவர் பிள்ளையும் ஒரே சராசரிக்குள் ஒளிந்திருக்கிறார்கள்.

கண்டுபிடிக்காமலே இறப்பது என்றேன். அதை நேரில் பார்த்திருக்கிறேன். ஆறு வயதுப் பெண் குழந்தை, அப்பா கீற்று முடைகிறவர். பத்து நாளாகப் படுக்கையை நனைத்திருக்கிறது. சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்திருக்கிறது. கொல்லையில் ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்த்ததைப் பாட்டி பார்த்திருக்கிறார், ஆனால் யாரும் அவரிடம் கேட்கவில்லை. வாந்தியும் வயிற்றுவலியும் வந்ததும் ஒரு இடத்தில் பூச்சி மருந்து கொடுத்தார்கள். மறுநாள் மூச்சு வாங்கியது, இன்னொரு இடத்தில் இளைப்பு என்று புகை வைத்து, தெம்புக்கு குளுக்கோஸ் ட்ரிப்ஸும் ஏற்றினார்கள். எங்களிடம் வந்தபோது நினைவில்லை. விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து வைத்தேன். சுகர் மீட்டரின் அளவையே தாண்டியிருந்ததால் அது எண் காட்டவில்லை, 'ஹை' என்று மட்டும் காட்டியது. அதற்கு ஐந்து வினாடி ஆனது. முதல் நாளே யாராவது அந்த ஐந்து வினாடியைச் செலவழித்திருந்தால் அந்தக் குழந்தைக்கு இப்போது பதினைந்து வயது இருக்கும்.

இத்தாலியில் பார்மா என்ற ஊரில் 1991-லிருந்து ஒரு வேலை செய்தார்கள். அளவுக்கு மீறித் தண்ணீர் குடிக்கிறதா, அடிக்கடி சிறுநீர் போகிறதா, படுக்கையை நனைக்கிறதா என்று கேட்கும் சுவரொட்டியைப் பள்ளிக்கூடங்களில் ஒட்டினார்கள். குழந்தை மருத்துவர்களுக்கு மீட்டரும் ஸ்டிரிப்பும் கொடுத்தார்கள். அதற்கு முன்பு அங்கே புதிதாக நோய் தெரியவரும் குழந்தைகளில் 78 சதவீதம் பேர் ரத்தம் அமிலமாகிப்போன ஆபத்தான நிலையில்தான் வந்தார்கள். அடுத்த ஆறு வருடத்தில் அது 12.5 சதவீதமாகக் குறைந்தது. சுவரொட்டி ஒட்டப் பணக்கார நாடாக இருக்கத் தேவையில்லை. நம் ஊர் அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அதே நாலு வரியைத் தமிழில் எழுதி ஒட்டலாம்.

சரி, உங்கள் பையன் அந்தக் கண்டத்தைத் தாண்டிவிட்டான். இப்போது இன்சுலினுக்கு வருவோம்.

கனடாவில் டொரண்டோவில் பாண்டிங், பெஸ்ட் குழுவினர் 1921-ல் கண்டுபிடித்த மருந்து இது. 1922 ஜனவரியில் லியனார்ட் தாம்ப்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி போட்டார்கள். காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலர் என்ற பெயரளவு விலைக்குப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக்கொடுத்தார்கள். எல்லாருக்கும் போய்ச் சேரட்டும் என்றுதான். ஆனால் உங்கள் ஊர்க்காரருக்கு நான் சொல்லவேண்டியதில்லை, மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்தார்கள் என்று பேப்பரில் வருவது ஒன்று, கல்லணை தாண்டி தலைஞாயிறு கடைமடை வாய்க்காலில் அது ஓடுவது வேறொன்று. நூறு வருடமாக இன்சுலின் கதையும் அதுதான். இன்றைக்கும் உலக இன்சுலின் சந்தையில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் மூன்று கம்பெனிகள் கையில் இருக்கிறது.

இதில் தமிழ்நாட்டைக் குறை சொல்ல மாட்டேன். 1994-ல் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாகக் கொள்முதல் செய்வதால் இன்சுலின் நம் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. அமெரிக்காவை நினைத்துப் பாருங்கள். 1996-ல் 21 டாலருக்கு வந்த ஒரு வகை இன்சுலின் பாட்டில் 2019 வாக்கில் 275 டாலர் ஆகியிருந்தது. காசில்லாமல் பாதி டோஸ் போட்டுக்கொண்டு இறந்துபோன இளைஞர்கள் அங்கே உண்டு. அதனால் பணக்கார நாடு என்றாலே எல்லாருக்கும் கிடைத்துவிடுகிறது என்று நினைக்கவேண்டாம். லண்டன் பெண்ணுக்குக் கிடைப்பது அங்கே அரசாங்கமே செலவை ஏற்றுக்கொண்டதால்தான்.

அப்புறம் எங்கேதான் நாம் பின்தங்குகிறோம்? கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 25 கிலோ எடையுள்ள பையனுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 20 முதல் 25 யூனிட் இன்சுலின் வேண்டும். ஒரு பாட்டிலில் 400 யூனிட், மாதத்துக்கு இரண்டு பாட்டில். மெடிக்கல் ஷாப்பில் காசு கொடுத்து வாங்கினாலும் ஒரு பாட்டில் சுமார் 150 ரூபாய், மொத்தம் 300. இனி ஸ்டிரிப். ஒரு நாளைக்கு நாலு தடவை பார்த்தால் மாதம் 120 ஸ்டிரிப், ஒன்று 20 ரூபாய் என்றாலே 2,400. நூறு நாள் வேலையில் 2024-25-ல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த ஒரு நாள் கூலி 319 ரூபாய். ஏழெட்டு நாள் கூலி முழுதாக ஸ்டிரிப்புக்கே போகும். மருந்தைவிட அதை எவ்வளவு போடுவது என்று தெரிந்துகொள்ள எட்டு மடங்கு செலவு. நம் சுகாதார நிலையத்தில் மீட்டர் இருக்கிறது, ஆனால் அது அங்கே போய்ப் பார்ப்பதற்கு. வீட்டுக்குக் கொண்டுபோக ஸ்டிரிப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. பெரியவர்களின் பிரஷர், சுகர் மாத்திரை மக்களைத் தேடி வீட்டு வாசலுக்கே வருகிறது, நல்ல திட்டம். அந்தத் தெருவில் இன்சுலினில் வாழும் ஒரு பிள்ளை இருப்பது அந்தத் திட்டத்தின் கண்ணுக்கு அவ்வளவாகப் படுவதில்லை.

சென்சார் ஒன்று 14 நாள் வரும். நம் ஊரில் நாலாயிரம், ஐயாயிரம் ஆகிறது. பம்ப் லட்சக்கணக்கில். பிரிட்டனில் 2022-லிருந்தே டைப் 1 உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் சென்சார் கொடுக்கவேண்டும் என்று அரசு வழிகாட்டுதல் இருக்கிறது. சென்சாரைப் பார்த்துப் பம்ப் தானே இன்சுலின் அளவை மாற்றிக்கொள்ளும் முறையையும் 2023 டிசம்பரில் ஒப்புக்கொண்டார்கள். நல்ல விஷயம். நம் பிள்ளைகளுக்கும் வரவேண்டும், கேட்கவேண்டும். ஆனால் அது வரும்வரை ஒன்றும் முடியாது என்று அக்கா உட்கார்ந்துவிடக் கூடாது. அதற்கு என்னிடம் உறுதியான காரணம் இருக்கிறது.

1993-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு வந்தது. 13 வயதுக்கு மேற்பட்ட 1,441 பேர். ஒரு பாதிக்குப் பழைய முறையில் ஒன்றிரண்டு ஊசி. இன்னொரு பாதி தினம் நாலு தடவையாவது சுகர் பார்த்து, அதற்கேற்ப மூன்று நாலு ஊசியோ பம்ப்போ. இரண்டாவது கூட்டத்தில் புதிதாகக் கண் பாதிக்கப்படும் ஆபத்து 76 சதவீதம் குறைந்தது. அப்போது இன்றைய புது இன்சுலின்கள் சந்தைக்கே வரவில்லை, சென்சார் கிடையாது. உங்கள் வீட்டில் இருப்பது போன்ற சாதாரண பாட்டில் இன்சுலின்தான் அவர்களிடமும் இருந்தது. கூடுதலாக இருந்தது ஸ்டிரிப்பும், எண்ணைப் பார்த்து என்ன செய்வது என்று சொல்லிக்கொடுக்க ஆளும். அதனால் கையில் வரும் முதல் ஆயிரம் ரூபாயை ஸ்டிரிப்புக்குப் போடுங்கள், சென்சார் அப்புறம். நீங்கள் தாய்மாமன். காதுகுத்துக்கு மடியில் உட்காரவைத்தவர். இனி சீர் என்று எதுவும் செய்ய நினைத்தால் மாதம் இரண்டு டப்பா ஸ்டிரிப் செய்யுங்கள்.

அந்த 'ஆள்' விஷயத்தில்தான் நாம் மிகவும் ஏழை. லண்டன் பெண்ணின் அம்மா ராத்திரி இரண்டு மணிக்கும் போன் செய்து கேட்க ஒரு மருத்துவக் குழு இருக்கிறது. நர்ஸ் பள்ளிக்கூடத்துக்கே போய் ஆசிரியருக்குச் சொல்லிக்கொடுக்கிறார். இங்கே ஒரு நாள் ஓ.பி.யில் எத்தனை பிள்ளைகள் என்று உங்களுக்குத் தெரியும். தலைஞாயிற்றிலிருந்து நாகப்பட்டினத்துக்கோ திருவாரூருக்கோ வந்து போனால் அக்காவுக்கு ஒரு நாள் கூலி போச்சு. நாகையில் மருத்துவக் கல்லூரி 2022-ல் வந்தபிறகு இது கொஞ்சம் குறைந்திருக்கிறது, அதற்கு முன்பு தஞ்சாவூர்வரை போனார்கள். ஊசி போடக் கற்றுக்கொடுக்க எனக்கு ஒரு அம்மாவோடு இரண்டு மணி நேரம் வேண்டும். பல நாள் இருபது நிமிடம்தான் கிடைத்தது. இன்றைக்கும் அது என் மனதை அறுக்கிறது.

இப்போது சாப்பாடு. காலை, ராத்திரி என்று இரண்டு ஊசி என்றால் பெரும்பாலும் கலவை இன்சுலின்தான், பாட்டிலில் 30/70 என்று போட்டிருக்கும். இது உடம்புக்குள் போனபிறகு நம் சௌகரியத்துக்குக் காத்திருக்காது. காலையில் போட்டதில் ஒரு பங்கு மதியம்வாக்கில்தான் வேகமெடுக்கும். அந்த நேரத்தில் சோறு வயிற்றில் இருக்கவேண்டும். நடவுக் காலத்தில் அம்மா விடியலிலேயே வயலுக்குப் போய்விடுகிற வீட்டில் இதுதான் சிக்கல். பம்ப் வைத்திருக்கும் பிள்ளை பசித்தபோது சாப்பிட்டு அதற்கு இன்சுலின் எடுத்துக்கொள்கிறது. நம் பிள்ளை இன்சுலினுக்காகச் சாப்பிடவேண்டும், இருக்கிறதோ இல்லையோ.

இதில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. காலை உணவுத் திட்டத்தை எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் 2023 ஆகஸ்டில் விரிவாக்கியது உங்களுக்குப் பக்கத்திலிருக்கும் திருக்குவளையில்தான். பையன் நாலாம் வகுப்பு, அரசுப் பள்ளி என்றால் காலையில் உப்புமாவோ கிச்சடியோ நேரத்துக்குக் கிடைக்கும், மதியம் சத்துணவு. எத்தனை மணிக்குத் தட்டு கைக்கு வருகிறது என்று பள்ளியில் கேட்டுக்கொண்டு, அந்த நேரத்தை டாக்டரிடம் சொல்லி ஊசி நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள். ஆறாம் வகுப்புக்குப் போனதும் காலை உணவு நின்றுவிடும், அதற்கு அப்போதே யோசிக்கவேண்டும். வகுப்பாசிரியரிடம் மறைக்கவே மறைக்காதீர்கள். வியர்த்து, கை நடுங்கி, திடீரென்று எரிந்து விழுந்தால் அது லோ சுகர், ரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கிவிட்டது. உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கவேண்டும். பையன் பையில் எப்போதும் ஒரு குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடவேண்டும். பொதுத்தேர்வு அறைக்குள் தின்பண்டம் கொண்டுபோக இந்தப் பிள்ளைகளுக்கு சி.பி.எஸ்.இ. 2017-லேயே அனுமதி கொடுத்துவிட்டது. அதைச் சொல்லி நம் பள்ளியிலும் கேளுங்கள். பெண் பிள்ளை உள்ள வீடுகளில் கல்யாணம் தட்டிப்போகும் என்று மூடி வைக்கிறார்கள். கழிப்பறைக்குள் ஒளிந்து ஊசி போட்டுக்கொண்ட பெண்களைப் பார்த்திருக்கிறேன். ஒளித்துப் போடுகிற ஊசி ஒரு நாள் தவறும்.

ஃப்ரிட்ஜ் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். திறக்காத பாட்டில் 2 முதல் 8 டிகிரியில் இருக்கவேண்டும். திறந்து உபயோகிப்பது, வெயில் படாத, 30 டிகிரிக்கு மேல் சூடாகாத இடத்தில் வெளியே நாலு வாரம் இருக்கலாம். கஜா புயல் 2018 நவம்பரில் உங்கள் பக்கத்தைப் புரட்டிப்போட்டபோது பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அப்போது ஒரு அப்பா, பாட்டில் கெட்டுவிடக் கூடாது என்று மீன் ஐஸ் பெட்டிக்குள் ஐஸுக்கு நடுவே புதைத்து வைத்தார். அக்கறையில் செய்ததுதான். பாட்டில் உறைந்துபோனது. உறைந்த இன்சுலின் உருகினாலும் வேலை செய்யாது. மூன்று நாளில் பையன் வாந்தியோடு வந்தான், நல்லவேளை காப்பாற்றினோம். அதே புயலில் இன்னொரு அம்மா பெரிய மண்பானையில் ஆற்று மணல் போட்டு, நடுவே சின்னக் கலயம் வைத்து, மணலில் தண்ணீர் தெளித்து, பிளாஸ்டிக் பையில் சுற்றிய பாட்டிலைக் கலயத்துக்குள் வைத்து, ஈரத்துணியால் மூடி வைத்திருந்தார். ஆப்பிரிக்காவிலும் இப்படித்தான் வைக்கிறார்கள், வெப்பமானி வைத்துப் பார்த்து ஒத்துக்கொண்ட முறை. கோடையில் காற்று உலர்ந்திருக்கும்போது நன்றாகக் குளிரும், ஐப்பசி கார்த்திகையில் ஈரக்காற்றில் அவ்வளவாகக் குளிராது. திறக்காத பாட்டிலைத் துணை சுகாதார நிலையத்திலோ, பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜின் கதவுத் தட்டிலோ வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்று, இதை அவசரமாகச் சொல்லவேண்டும். இன்சுலின் ஆரம்பித்துச் சில வாரம், சில மாதத்தில் பல பிள்ளைகளுக்குச் சுகர் சட்டென்று இறங்கும், டோஸ் குறைந்துகொண்டே வரும். மிச்சமிருக்கும் செல்கள் கொஞ்ச நாள் மூச்சு விடுவதால் வருவது இது. சரியாக அந்த நேரத்தில்தான் யாராவது ஒருவர் சூரணமோ வேர்ப்பொடியோ கொண்டுவந்து, "பார், குணமாகிவிட்டது, ஊசியை நிறுத்து" என்பார். டோஸை டாக்டர் குறைப்பார். யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள்.

கடைசியாக லண்டனிலிருந்து வரும் பார்சல். ஸ்டிரிப்பை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் எந்த மீட்டரின் ஸ்டிரிப்போ அதே மீட்டரில்தான் வேலை செய்யும், அதனால் மீட்டரும் சேர்ந்து வரவேண்டும். அங்கே மீட்டர் காட்டும் எண் வேறு அளவையில் இருக்கும். அதை 18-ஆல் பெருக்கினால்தான் நம் கணக்கு. 15 என்று காட்டினால் நம் கணக்கில் 270. அக்கா அதைப் பார்த்து 'லோ' என்று நினைத்துச் சர்க்கரை கரைத்துக் கொடுத்துவிடக் கூடாது. ஒரு அட்டையில் 4 என்றால் 72, 10 என்றால் 180, 15 என்றால் 270 என்று எழுதி மீட்டர் பையிலேயே ஒட்டிவிடுங்கள்.

சிரிஞ்ச் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நம் பாட்டில் ஒரு மில்லிக்கு 40 யூனிட், சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. அங்கே எல்லாம் ஒரு மில்லிக்கு 100 யூனிட், ஆரஞ்சு மூடி. நம் பாட்டில் மருந்தை அந்த சிரிஞ்சில் 10 என்ற கோடுவரை இழுத்தால் உள்ளே போவது 4 யூனிட்தான். மாறாக, அங்கிருந்து மருந்தும் வந்து அதை நம் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடுவரை இழுத்தால் 25 யூனிட் போய்விடும், பையன் தூக்கத்திலேயே நினைவிழக்கலாம். சிங்கப்பூரிலிருந்து பாசமாக வந்த சிரிஞ்சால் ஒரு வாரம் சுகர் 400-க்குக் கீழே இறங்காத பிள்ளையை நானே பார்த்திருக்கிறேன், காரணத்தைக் கண்டுபிடிக்க எங்களுக்கே இரண்டு நாள் ஆனது.

இன்றைக்கு ராத்திரி ஊசிக்கு முன்னால் அக்காவிடம் பாட்டிலையும் சிரிஞ்சையும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பாட்டிலில் 40 என்று இருக்கிறதா, சிரிஞ்சிலும் 40 என்று இருக்கிறதா, மூடி சிவப்பா? மூன்றும் சரியென்றால் போடலாம். ஒன்று மாறியிருந்தாலும் வார்டுக்குப் போன் செய்து கேட்டுவிட்டுப் போடட்டும். அப்படியே பாட்டிலில் 30/70 என்று இருக்கிறதா, காலையில் பள்ளியில் தட்டு எத்தனை மணிக்கு வருகிறது, இரண்டையும் எனக்கு எழுதுங்கள்.